மின்சுற்றுப் பயிற்சிப் பெட்டி: ஓராண்டு வகுப்பில் புழங்கிய பிறகு

போன ஜூலையில் 1,850 ரூபாய் கொடுத்து ஒரு மின்சுற்றுப் பயிற்சிப் பெட்டி வாங்கினேன். அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வகுப்பில் 38 பிள்ளைகள். பெட்டியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே பொருளை நான்கைந்து நிறுவனங்கள் விற்கின்றன; உள்ளே இருப்பவை, அட்டையின் அளவு, கையேட்டின் படங்கள்கூட ஒன்றேதான், மேலே ஒட்டியிருக்கும் பெயர் மட்டும் மாறுகிறது. எனவே பெயரை விட்டுவிட்டுப் பொருளைப் பார்ப்போம். வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் ஆசிரியர்களும், வீட்டில் எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளை உள்ள பெற்றோரும் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

பெட்டிக்குள் இருந்தவை: இரண்டிரண்டு பென்சில் செல் பிடிக்கும் தாங்கிகள் இரண்டு, திருகு வகைப் பல்புத் தாங்கிகள் மூன்று, 2.5 வோல்ட் 0.3 ஆம்பியர் டார்ச் பல்பு ஐந்து, இரு முனையிலும் கவ்வி வைத்த ஒயர் பத்து, கத்திச் சாவி (சுவிட்ச்) இரண்டு, ஒரு சிறு மோட்டார், ஒரு பஸர், எல்இடி நான்கு, ஒரு பிடி ரெசிஸ்டர்கள் (மின்தடைகள்), ஒரு மீட்டர் நிக்ரோம் கம்பி, எனாமல் பூசிய செம்புக் கம்பிச் சுருள், ஒரு காந்த ஊசிப் பெட்டி. இவற்றோடு, 500 மில்லி ஆம்பியர் வரை மின்னோட்டம் காட்டும் முள் அம்மீட்டர் இரண்டு, 5 வோல்ட் வரை மின்னழுத்தம் காட்டும் வோல்ட்மீட்டர் ஒன்று. செல்கள் கிடையாது, தனியாக வாங்க வேண்டும்.

நான் இந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுத்ததே அந்த இரண்டு அம்மீட்டர்களுக்காகத்தான். இதில் பாதி விலைக்குப் பெட்டிகள் கிடைக்கின்றன. அவற்றில் பல்பு எரியும், மோட்டார் சுற்றும், பஸர் கத்தும். ஆனால் அளக்க எதுவும் இருக்காது. வேறு சிலவற்றில் ஒன்று இருக்கும். எனக்கு இரண்டு வேண்டும். காரணத்தைச் சொல்கிறேன்.

பத்தொன்பது வருடமாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். ஒவ்வொரு வருடமும் முதல் நாள் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன். ஒரு செல், ஒரு பல்பு, இரண்டு ஒயர் வரைந்துவிட்டு, "பல்புக்குள் போவதற்கு முன்னால் ஓடும் மின்னோட்டம் அதிகமா, பல்பைத் தாண்டி வெளியே வந்ததும் ஓடுவது அதிகமா?" என்பேன். முக்கால்வாசிக் கைகள் "முன்னால்தான் அதிகம்" என்று உயரும். ஏன் என்று கேட்டால், "பல்பு கொஞ்சம் கரண்டைச் சாப்பிட்டுவிடும் டீச்சர்" என்பார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். நம் பேச்சே அப்படித்தான் இருக்கிறது. அந்த ஃபேன் கரண்டை இழுக்கிறது, அயர்ன் பாக்ஸ் கரண்டைக் குடிக்கிறது, இந்த மாதம் கரண்ட் அதிகம் செலவாகிவிட்டது என்று வீட்டில் காலை முதல் இரவு வரை கேட்டு வளர்ந்த பிள்ளை வேறு என்ன நினைக்கும்? கரும்பலகையில் "தொடரிணைப்பில் மின்னோட்டம் எங்கும் சமம்" என்று எழுதிப் போட்டால் நோட்டில் எழுதிக்கொள்வார்கள், தேர்விலும் எழுதுவார்கள், மனத்துக்குள் நம்ப மாட்டார்கள். பல்புக்கு முன்னால் ஒரு அம்மீட்டரையும் பின்னால் ஒரு அம்மீட்டரையும் அவர்கள் கண்ணாலேயே பார்க்க வேண்டும்.

அந்த நாளும் வந்தது. முதல் வரிசை மேசையைச் சுற்றிப் பத்துப் பேர், பின்னால் பெஞ்சின் மேல் ஏறி நின்று பதினைந்து பேர். இரண்டு செல், சாவி, முதல் அம்மீட்டர், பல்பு, இரண்டாவது அம்மீட்டர், மீண்டும் செல். சாவியை அழுத்தினேன். பல்பு எரிந்தது. முதல் அம்மீட்டர் 270. இரண்டாவது 250.

வகுப்பு ஆர்ப்பரித்தது. "பாருங்கள் டீச்சர், 20 செலவாகியிருக்கிறது!" பத்தொன்பது வருடமாக நான் சொல்லி வந்தது ஒரு முள்ளின் நுனியில் கவிழ்ந்தது போல் இருந்தது எனக்கு. ஒயர்களைச் சரிபார்த்தேன், கவ்விகளை அழுத்திப் பார்த்தேன். அதே 270, அதே 250.

மூன்றாவது பெஞ்சில் அதிகம் பேசாத ஒரு பெண் எழுந்து, "இரண்டு மீட்டரையும் இடம் மாற்றி வைத்துப் பார்க்கலாமா டீச்சர்?" என்றாள். மாற்றினோம். இப்போது பல்புக்கு முன்னால் 250, பின்னால் 270. ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பையன் மெதுவாக, "அப்படியென்றால் பல்பு கரண்டை உண்டாக்குகிறதா?" என்றான். அந்தப் பெண் அவனைப் பார்க்கக்கூட இல்லை. சாவியைத் தூக்கிவிட்டு, குனிந்து, இரண்டு முள்ளும் எங்கே நிற்கின்றன என்று பார்த்தாள். ஒன்று சரியாகப் பூஜ்ஜியத்தில் இருந்தது. மற்றது பூஜ்ஜியத்துக்கு இடப்பக்கம் இரண்டு சிறு பிரிவு தள்ளி நின்றது. ஒரு சிறு பிரிவு 10 மில்லி ஆம்பியர்.

வெர்னியர் அளவிப் பாடத்தில் சுழிப்பிழை என்று படித்துவிட்டு மறந்துபோனது அன்று அவர்களுக்கு முன்னால் வந்து நின்றது. டயலுக்குக் கீழே ஒரு சிறிய திருகாணி இருக்கிறது; மூக்குக்கண்ணாடிக் கடையில் தரும் சின்ன ஸ்குரூ டிரைவர் போதும். அந்தப் பெண்ணையே திருகச் சொன்னேன். முள் சுழிக்கு வந்தது. சாவியை அழுத்தினோம். 270, 270.

செலவாகாவிட்டால் பல்பு எப்படி எரிகிறது என்ற கேள்வி அடுத்து வரும், வந்தது. வெளியே நின்ற சைக்கிளை வகுப்புக்குள் தூக்கி வரச் சொன்னேன். ஸ்டாண்டு போட்டு பெடலைச் சுற்றினால் பின்சக்கரம் சுழல்கிறது. சங்கிலியில் ஒரு கண்ணியாவது குறைகிறதா? போன கண்ணி அத்தனையும் திரும்பி வருகிறது. ஆனால் காலின் உழைப்பு சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மின்சுற்றிலும் மின்னூட்டம் சுற்றித் திரும்புகிறது, ஆற்றல் பல்பில் இறங்குகிறது. மின் கட்டண அட்டையில் இருக்கும் யூனிட் என்பதும் ஆற்றலின் அளவுதான்: ஒரு கிலோவாட் மணி, அதாவது 36 லட்சம் ஜூல். செலவு என்று சொல்ல வேண்டியது அதைத்தான்.

பெட்டியின் தரத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தவள் பாடம் நடத்திவிட்டேன். தரம் இதுதான்: இரண்டு அம்மீட்டரில் ஒன்று சுழி தவறி வந்தது. திருத்த முடிகிற குறைதான் என்றாலும் விற்கிறவர்கள் பார்த்து அனுப்பியிருக்க வேண்டும். வீட்டில் தனியாகச் செய்து பார்க்கும் பிள்ளை 270, 250 என்று நோட்டில் குறித்துக்கொண்டு தவறான நம்பிக்கையோடே எழுந்துபோயிருக்கும்.

அடுத்த குறையை என்னால் அவ்வளவு எளிதாக மன்னிக்க முடியவில்லை. ரெசிஸ்டர்கள். மின்னழுத்தம் ஏறும் அளவுக்கு மின்னோட்டமும் ஏறும் என்கிற ஓம் விதிக்காக 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்று வைத்திருக்கிறார்கள். கால் வாட் தாங்குகிற, அரிசியைவிடச் சற்றுப் பெரிய வகை. கையேடு அதை முதலில் ஒரு செல்லோடும், பிறகு இரண்டு, மூன்று, நான்கு செல்லோடும் இணைக்கச் சொல்கிறது. பத்தாம் வகுப்புக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரண்டு செல் என்றால் 3 வோல்ட். மூன்றை மூன்றால் பெருக்கிப் பத்தால் வகுத்தால் 0.9 வாட். அதுவே தாங்கும் அளவைப்போல் மூன்றரை மடங்கு. நான்கு செல்லுக்கு 3.6 வாட். எங்கள் வகுப்பில் மூன்று செல் வைத்தபோதே வண்ணப் பட்டைகள் பழுப்பேறி வார்னிஷ் கருகும் வாடை வந்தது. கழற்றப் போன பையனின் விரல் நுனி சுட்டுவிட்டது. பெரிய காயம் இல்லை, தண்ணீரில் வைத்ததும் சரியாகிவிட்டது. ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று எழுதி விற்கும் பெட்டியில், அதே பாடத்தில் வரும் ஒரு வரிக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் ஒருவர் கையேடு எழுதியிருக்கிறார் என்பது எனக்குக் கோபத்தைத் தந்தது.

தீர்வு மலிவானது. சென்னைக்குப் போனபோது அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் 10 ஓம், 5 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் வாங்கி வந்தேன். வெள்ளைக் கட்டியாக இருக்கும். ஒன்று பத்து ரூபாய்க்குள் முடிந்தது. அதை வைத்துச் செய்தபோது வோல்ட்மீட்டர் 1.4 காட்டினால் அம்மீட்டர் 140, 2.8க்கு 280, 4.1க்கு 410. வரைபடத் தாளில் ஸ்கேல் வைத்து இழுத்தால் மூன்று புள்ளியும் ஒரே கோட்டில். மூன்று செல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான்காவது செல்லை வைத்தால் முள் 500ஐத் தாண்டிப் போய் மோதும்.

புதிய செல் 1.5 வோல்ட் என்று எழுதியிருக்க 1.4 ஏன் என்று கேட்பார்கள். மின்னோட்டம் ஓடத் தொடங்கியதும் செல்லின் அகமின்தடை, அதாவது செல்லுக்குள்ளேயே இருக்கும் தடை, தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. சாவியை அழுத்தியபடியே வைத்திருந்தால் முள் மெதுவாக இறங்குவதையும் பார்க்கலாம். ஓம் விதியைக் கண்ட ஜார்ஜ் ஓமுக்கும் இதே தொல்லைதான் இருந்தது. ஜெர்மனியில் கொலோன் நகரப் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்தவர் அவர். அன்றைய மின்கலங்களின் ஓட்டம் நிலையாக நிற்காததால், பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த இணைப்பின் ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்து, அந்த வெப்பநிலை வேறுபாட்டில் பிறந்த நிலையான மின்னழுத்தத்தைக் கொண்டு அளந்தார். விதியை 1827இல் நூலாக வெளியிட்டார். அளவீடு நகர்ந்துகொண்டே இருக்கிறது என்று சலித்துக்கொண்ட பிள்ளைகளிடம் இதைச் சொன்னேன். அதற்குப் பிறகு, அளக்கும் நொடியில் மட்டும் சாவியை அழுத்தி உடனே எடுக்கும் பழக்கம் தானாக வந்துவிட்டது. செல்லும் கூடுதல் நாள் உழைக்கிறது.

பல்பும் தாங்கியும் அருமை. தாங்கியின் அடித்தளம் மூடப்படாமல் இருப்பதால் பல்பின் இரு முனைகள் எங்கே என்று தெரிகிறது: அடியில் ஈயப் பொட்டு ஒன்று, பக்கவாட்டுத் திருகு இன்னொன்று. ஒரே ஒயர் போதும் என்று நினைக்கும் பிள்ளைக்கு இதைக் காட்டினால் போதும். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கட்டைக்குள் மறைத்து, பொத்தான் போல அழுத்திச் சேர்க்கும் விலையுயர்ந்த பெட்டிகளில் இந்தக் காட்சி கிடைப்பதில்லை. என் ஓட்டு ஒயருக்கும் கவ்விக்கும்தான்.

பல்பில் இன்னொரு விருந்தும் இருக்கிறது. எரியும்போது அதன் இரு முனைக்கிடையே 2.2 வோல்ட், ஓட்டம் 270 மில்லி ஆம்பியர்; மின்தடை எட்டு ஓம் சொச்சம். அணைத்து ஆறவைத்து மல்டிமீட்டரில் அளந்தால் ஏறக்குறைய ஒரே ஒரு ஓம். டங்ஸ்டன் இழை சூடேறச் சூடேற மின்தடை ஏறுகிறது. இதனால்தான் இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்தபோது ஓட்டம் பாதியாக 135க்கு இறங்காமல் 190இல் நின்றது. கையேட்டில் "பாதியாகும்" என்று அச்சிட்டிருக்கிறார்கள். செய்து பார்க்காமல் எழுதியது. சிமென்ட் ரெசிஸ்டர் இரண்டை வைத்துச் செய்தால் கிட்டத்தட்டப் பாதியாகும், பல்பில் ஆகாது.

தொடரிணைப்பைச் சொல்லும்போது மாரியம்மன் கோயில் திருவிழாவின் சீரியல் விளக்குகளை இழுத்துவிடுவேன். பெயரிலேயே இருக்கிறது. பழைய சரத்தில் 6 வோல்ட் பல்பு என்றால் 230 வோல்ட்டைப் பங்கிட 38, 40 பல்பு வரிசையாக வேண்டும்; ஒன்று போனால் சரமே இருண்டுவிடும், கட்டியவர் ஏணியில் ஏறி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். வீட்டில் ஒரு விளக்கு போனால் மற்றவை ஏன் எரிகின்றன என்பதைப் பிறகு அவர்களே சொல்லிவிடுகிறார்கள். வீட்டில் இருப்பது பக்க இணைப்பு, ஒவ்வொரு விளக்குக்கும் தனி வழி. அப்படி இணைத்து மூன்று பல்பையும் ஒன்றாக எரியவிட்டு மொத்த ஓட்டத்தை அளக்க இந்த அம்மீட்டரால் முடியாது, 500ஐத் தாண்டிவிடும். ஒரு ஆம்பியர் வரை அளக்கும் மீட்டராகக் கொடுத்திருக்கலாம்.

மோட்டார், பஸர், மின்காந்தம் ஆகியவற்றில் குறை இல்லை. எல்இடிக்கு 100 ஓம் ரெசிஸ்டரைத் தொடராகச் சேருங்கள். கையேடு நேராக 3 வோல்ட்டில் இணைக்கச் சொல்வதைக் கேட்க வேண்டாம். சிவப்பு எல்இடி ஏறக்குறைய 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மீதி ஒரு வோல்ட் ரெசிஸ்டரில் விழுந்து 10 மில்லி ஆம்பியர் ஓடும். அதுவே தாராளம்.

கையேட்டின் தமிழைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஆங்கிலம், இந்தி, தமிழ் என்று மூன்று மொழியில் இருக்கிறது என்று பெட்டியின் மேல் பெருமையாக அச்சிட்டிருக்கிறார்கள். உள்ளே, "சாவியை மூடினால் தற்போதைய பாய்கிறது" என்று இருக்கிறது. மின்னோட்டத்தைத்தான் "தற்போதைய" ஆக்கியிருக்கிறார்கள். மின்னூட்டம் "கட்டணம்" ஆகிவிட்டது. "இரண்டு உயிரணுக்களை வைத்திருப்பவரில் வைக்கவும்" என்று ஒரு வரி. செல்களைத் தாங்கியில் வைக்கச் சொல்கிறது என்று புரிய எனக்கே சற்று நேரம் பிடித்தது. மொழிபெயர்ப்பு எந்திரத்தில் போட்டு எடுத்ததை யாரும் ஒருமுறைகூடப் படித்துப் பார்க்கவில்லை. மின்னோட்டம், மின்தடை, மின்னழுத்த வேறுபாடு என்று பாடப்புத்தகத்தில் இத்தனை காலமாகப் பழகிய, பிள்ளைகள் வாயில் உட்கார்ந்துவிட்ட சொற்கள் இருக்கின்றன. தமிழ்வழியில் படிக்கும் பிள்ளை, தன் மொழியில் அறிவியல் இப்படித்தான் புரியாமல் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. அந்த 24 பக்கத்தையும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கையால் திருப்பி எழுதினேன். நகலெடுத்துப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். பழையதைக் கிழித்துவிட்டேன்.

இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தீ விபத்துச் செய்திகளில் "மின்கசிவு காரணமாக" என்று எப்போதும் வருகிறது. கசிவு வேறு, ஷார்ட் சர்க்யூட் வேறு. காப்பு பழுதாகி ஓட்டம் வழிதவறி வெளியே போவது கசிவு. இரு கம்பிகள் நேராக ஒட்டிக்கொண்டு தடையே இல்லாமல் பேரோட்டம் ஓடுவது ஷார்ட் சர்க்யூட். பெட்டியில் உள்ள ஒயரால் செல்லின் இரு முனையையும் ஒரு நொடி மட்டும் சேர்த்துக் காட்டினேன். பல்பு உடனே மங்கியது, ஒயர் இளஞ்சூடானது. அவ்வளவு போதும், நீட்டக் கூடாது.

ஒரு மாணவி கேட்ட கேள்வி ஆண்டு முழுவதும் என்னோடு இருந்தது. "வீட்டில் மாட்டியிருக்கும் பாதுகாப்பு சுவிட்ச் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுந்துவிடும் என்றீர்கள். இங்கே 270 ஓடும் கம்பியைத் தொடுகிறோம், ஏன் ஒன்றும் ஆகவில்லை?" மல்டிமீட்டரை எடுத்து அவளையே இரு முனைகளையும் விரல்களால் பிடிக்கச் சொன்னேன். உலர்ந்த கையில் சில லட்சம் ஓம். கையை நனைத்துவிட்டுப் பிடித்தபோது பத்தாயிரங்களுக்கு இறங்கியது. மூன்று லட்சம் ஓம் வழியே 3 வோல்ட் எவ்வளவு ஓட்டத்தைத் தள்ளும் என்று அவர்களே வகுத்தார்கள்: ஒரு மில்லி ஆம்பியரில் நூறில் ஒரு பங்கு. அந்த 270 பல்பு வழியாக ஓடுகிறது, நம் வழியாக ஓடவில்லை. பிறகு 3ஐ அழித்துவிட்டு 230 என்று எழுதினேன். அத்தனை வோல்ட்டில் தோலின் தடையும் இப்படியே நிற்காது, சரிந்துவிடும் என்றேன். ஈரக்கையோடு சுவிட்ச் போடும் அம்மாவிடம் போய்ச் சொல்கிறேன் என்றாள். இந்தப் பெட்டியின் கவ்வி ஒயர்களை வீட்டு பிளக் பாயின்ட் பக்கமே கொண்டுபோகக் கூடாது என்று பெற்றோர் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். கையேட்டில் அந்த எச்சரிக்கை கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. நான் எழுதியதில் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் இருக்கிறது.

வாங்கலாமா? ஒரு பிள்ளைக்காக வீட்டுக்கு என்றால் வாங்கலாம், கூடவே இரண்டு சிமென்ட் ரெசிஸ்டரையும் ஒரு மல்டிமீட்டரையும் சேர்த்து. மல்டிமீட்டர் இருநூறு, இருநூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கும். பள்ளிக்கு என்றால் ஒன்று போதும், குழுவுக்கு ஒன்றாக எட்டு வாங்க வேண்டாம். அதற்குப் பதிலாக டார்ச் பல்பு, தாங்கி, கவ்வி ஒயர், செல் என்று தனித்தனியாக வாங்கி, அட்டையில் ஆணியடித்து நாங்கள் ஏழு குழுவுக்குச் செய்துகொண்டோம். ஒரு குழுவுக்கு 150 ரூபாய்க்குச் சற்று மேல் ஆனது. மீட்டர்கள் மட்டும் பெட்டியிலிருந்து குழு குழுவாகக் கைமாறின. சாவியை யாராவது அழுத்தியபடியே மறந்துபோனால் செல் தீர்ந்துவிடும். ஆண்டுக்கு நான்கைந்து ஜோடி செல் வாங்கக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கவ்விகளில் மூன்று, ஒயரிலிருந்து கழன்று வந்துவிட்டன. சால்டர் செய்யாமல் நெருக்கி மட்டும் விட்டிருக்கிறார்கள். பக்கத்தில் மிக்ஸி பழுது பார்க்கும் கடைக்காரர் காசு வாங்காமல் பற்றவைத்துக் கொடுத்தார்.

தேர்வு முடிந்த பிறகு பெட்டியைத் துடைத்து, செல்களைக் கழற்றி, அலமாரியில் வைத்தேன். பூட்டுவதற்கு முன்னால் இரண்டாவது அம்மீட்டரின் திருகாணியை மறுபடியும் திருகி, முள்ளைச் சுழிக்கு இரண்டு பிரிவு இடப்பக்கம் தள்ளி வைத்திருக்கிறேன். ஜூனில் புதிய பத்தாம் வகுப்பு வரும்.